நூறு மீட்டர் தள்ளி ஒரு விசில்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் என்றால் எடுப்பார் கைப்பிள்ளை. ஆண்டு விழாவா, பேனர் எழுது. அதிகாரி வருகிறாரா, வரவேற்புப் பலகை எழுது. கழிவறைக் கதவில் 'ஆண்கள்', 'பெண்கள்' எழுதியதும் நான்தான். வேலை முடிந்ததும் நன்றி சொல்ல ஆள் இருக்காது. அதனால் இயற்பியல் டீச்சர் ஒரு சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தபோது நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சார், நாலு வட்டம் வேணும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் சின்னதா இன்னும் ரெண்டு மூணு வட்டம். அம்பு எய்யற பலகை இருக்குமே, அந்த மாதிரி."

"வட்டம் போட காம்பஸ் போதுமே டீச்சர். அதுக்கு நான் எதுக்கு?"

"புள்ளி வெக்கத்தான் நீங்க."

பதினோராம் வகுப்புக்கு அளவீட்டுப் பாடம் எடுக்கப் போகிறாராம். முதல் பலகையில் புள்ளிகள் எல்லாம் நடுவில் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டாவதில் அதே நெருக்கம், ஆனால் நடுவை விட்டுத் தள்ளி ஓர் ஓரமாக. மூன்றாவதில் நடுவைச் சுற்றிப் பரவலாக. நான்காவதில் மூலைக்கொன்றாக, கண்டபடி.

நான் வரைந்தேன். இரண்டாவது பலகை பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இத்தனை ஒற்றுமையாக ஒரு கூட்டம் தப்பான இடத்தில் நிற்கிறதே என்று புள்ளிகளைக் கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்த்தி வைத்தேன். டீச்சர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"இது சரியில்ல சார். இன்னும் தள்ளி வைங்க. இந்தப் படம்தான் முக்கியம். பசங்களுக்கு இதுதான் புரியாது."

"எது புரியாது?"

"திரும்பத் திரும்ப அளந்து ஒரே விடை வந்தா, அது நுட்பம். வந்த விடை உண்மைக்குப் பக்கத்துல இருந்தா, அது துல்லியம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும்னு நெனச்சுக்கறாங்க. பத்து பேர் ஒரே பொய்ய சொன்னா அது உண்மை ஆயிடுமா?"

"எங்க தெருவுல ஆயிடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. புதுச் சார்ட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தசமம். மேஜையின் நீளம் எவ்வளவு என்று கேட்பார். எவனாவது எண்பது சென்டிமீட்டர் என்றால், எண்பதா, எண்பது புள்ளி பூஜ்யமா என்று மறுபடியும் கேட்பார். ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத ரகம். ஆனால் ஒருவனையும் அடித்ததில்லை, ஒருவனுக்கும் பொய்யாக மதிப்பெண் போட்டதும் இல்லை. எனக்கு அவர் மேல் கொஞ்சம் எரிச்சலும் நிறைய மரியாதையும் இருந்தன.

அவருடைய அக்கா மகள் எங்கள் பள்ளியிலேயே பதினோராம் வகுப்பு படித்தாள். எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். கால்கள் மட்டும் தனியாக வளர்ந்த மாதிரி ஒரு பெண். அப்பா இல்லை. அம்மா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடியுமுன் மகளோடு மைதானத்துக்கு வந்து, அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போவாள். படிப்பில் நெட்டை சுமார். ஓடும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதுவுமே தேவையில்லாத முகம் அது.

அந்த வருடம் விளையாட்டு விடுதியில் சேர அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அங்கே போனால் நல்ல ஓடுதளம், பயிற்சியாளர், கல்லூரி வரைக்கும் படிப்பு. போகாவிட்டால் அம்மாவோடு சலவைக்கூடம். அங்கே மேற்பார்வையாளரிடம் அம்மா ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாள். விடுதிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். நூறு மீட்டரைப் பதிமூன்று நொடிக்கு மிகாமல் ஓடியதாகப் பள்ளி சான்று தர வேண்டும். மூன்று பேர் தனித்தனி வாட்சில் நேரம் பிடிக்க வேண்டும். மூன்றில் நடுவில் இருக்கும் நேரமே கணக்கு.

விளையாட்டு மாஸ்டரிடம் இருந்த ஒரே வாட்ச் இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்தது. அவர் தசமத்திடம் போனார். தசமம் ஆய்வகத்திலிருந்து மூன்று ஸ்டாப்வாட்ச் எடுத்துக் கொடுத்தார். ஆனால் தன் கையால் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"என் அக்கா பொண்ணு சார். நான் பிடிச்சா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஆள நான் பழக்கித் தரேன்."

அந்த ஆட்களில் ஒருவன் நான். மற்றவர்கள் கணக்கு மாஸ்டரும் லைப்ரேரியன் அம்மாவும். கணக்கு மாஸ்டர் சிரிப்பதற்குக்கூடக் காரணம் கேட்பவர். லைப்ரேரியன் அம்மா அதற்கு நேர் எதிர். விடியற்காலையில் ஓடிவிட்டு மதியம் தூங்கி விழும் நெட்டைக்கு, நூலகத்தில் இரண்டு அலமாரிக்கு நடுவில் இடம் ஒதுக்கித் தந்தவர் அவர்தான்.

ஆசிரியர் அறையிலேயே பயிற்சி நடந்தது. வாட்சின் மீச்சிற்றளவு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அதைவிடச் சின்ன நேரத்தை அதில் படிக்க முடியாது, அதனால் அதற்கு மேல் கற்பனை செய்யக் கூடாது என்று தசமம் முதலிலேயே சொல்லிவிட்டார். விளையாட்டு மாஸ்டர் ஒரு கைக்குட்டையைக் கீழே போடுவார், நாங்கள் அமுக்குவோம். மறுபடி போடுவார், நிறுத்துவோம். மூன்று வாட்சும் மூன்று நேரம் காட்டின. பிறகு தசமம் கைக்குட்டைக்குப் பதில் கை தட்டச் சொன்னார். இப்போது மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரம் காட்டின.

"பாத்தீங்களா? கண்ணால பாக்கறதவிட காதால கேக்கறதுக்கு மனுஷன் சீக்கிரமா அசைவான். அதனால கொடி வேண்டாம், விசில் வெச்சுக்கலாம். விசில் கேக்கற வரைக்கும் மூணு பேரும் கண்ண மூடிக்கோங்க. கண்ணு குறுக்க வந்தா விரல் தடுமாறும்."

மூன்று நாள் பழகினோம். எங்கள் மூன்று கட்டைவிரலும் ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிட்டன. கடைசி நாள் பத்து முறை தட்டியதில் ஒரு முறைகூட நாங்கள் மாறுபடவில்லை. தசமம் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டம். நெட்டைக்குத் துணையாக வேறு இரண்டு பெண்கள் ஓடினார்கள். விளையாட்டு மாஸ்டர் ஆரம்பக் கோட்டில் விசிலோடு நின்றார். நாங்கள் முடிவுக் கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம், பார்ப்பவர்கள் பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள். விசில் கேட்டது, அமுக்கினேன். கண்ணைத் திறந்தபோது அவள் கோட்டை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். என்ன வேகம் என்று வியந்தேன்.

பன்னிரண்டு புள்ளி எட்டு. பன்னிரண்டு புள்ளி எட்டு. பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

நெட்டையின் அம்மா மைதானத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சலவைச் சோடா பட்டு வெளுத்துப்போன இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். லைப்ரேரியன் அம்மாவும் சேர்ந்து அழுதார். நான் அழவில்லை, தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தசமம் மூன்று வாட்சையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். மூன்றும் ஒத்துப்போனதில்தான் அவருக்கு அத்தனை சந்தோஷம். சான்று புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், திங்கட்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலையில் அளவீட்டுப் பாடம். சார்ட் மாட்டுவதற்கு ஆணி அடிக்கவும் நான்தானே இந்தப் பள்ளியில். ஸ்டூல் மேல் ஏறிச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆணி இறங்குவதாக இல்லை. கீழே பாடம் நடந்தது.

"பிழைன்னா நீங்க செஞ்ச தப்பு இல்ல. அளவீட்டுல பிழைன்னா, நாம அளந்ததுக்கும் உண்மையான அளவுக்கும் இருக்கற வித்தியாசம். அது ரெண்டு விதம். ஒண்ணு, ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைச்சல்னு இஷ்டத்துக்கு வரும். அது ஒழுங்கற்ற பிழை. நிறைய தடவை அளந்து சராசரி எடுத்தா அது குறையும். இன்னொண்ணு, எப்பவும் ஒரே பக்கமா, ஒரே அளவா வரும். அது முறையான பிழை. அத நூறு தடவை அளந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏன்னா நூறு தடவையும் ஒரே மாதிரி தப்பா இருக்கும். யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க."

"எங்க வீட்டு எடை மெஷின் டீச்சர். யாரும் ஏறாமலே ரெண்டு கிலோ காட்டும்."

"சரி. அது சுழிப்பிழை. வேற?"

"நம்ம ஸ்கூல் கடிகாரம் டீச்சர். சாயங்காலம் மட்டும் மெதுவா ஓடும்." வகுப்பு சிரித்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "இடி டீச்சர். மின்னல் அடிக்கும்போதே இடியும் இடிச்சிடுது. நமக்கு அப்புறமாத்தான் கேக்குது. சத்தத்த வெச்சு நேரம் பாத்தா எப்பவுமே லேட்டாத்தான் வரும்."

"நல்ல உதாரணம். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய முந்நூத்து நாப்பது மீட்டர் போகும். அப்போ நூறு மீட்டர் தள்ளி..."

அங்கே நின்றுவிட்டார். நான் ஸ்டூலில் இருந்து திரும்பிப் பார்த்தேன். பலகையில் நூறு என்று எழுதி, கீழே கோடு போட்டு, முந்நூற்று நாற்பது என்று எழுதியிருந்தார். சாக்பீஸ் அதற்கு மேல் நகரவில்லை. வகுப்பு விடைக்காகக் காத்திருந்தது. ஒரு பெண் மட்டும் காத்திருக்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் நெட்டை குனிந்து தன் நோட்டின் ஓரத்தில் எதையோ வகுத்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள்.

தசமம் விடையை எழுதினார். பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்பது. எழுதிவிட்டு, மீதிப் பாடத்தை மறு நாள் பார்க்கலாம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

ஆசிரியர் அறையில் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"சார், விசில் எங்க ஊதினாங்க?"

"ஆரம்பக் கோட்டுல."

"நீங்க எங்க நின்னீங்க?"

"முடிவுல. நூறு மீட்டர் தள்ளி." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் மண்டையில் ஏறியது. "சத்தம் வந்து சேர..."

"கிட்டத்தட்ட பாய்ன்ட் மூணு நொடி. அவ காதுக்குப் பக்கத்துலயே விசில். அவ ஓட ஆரம்பிச்சுட்டா. உங்க மூணு பேருக்கும் அது பாய்ன்ட் மூணு லேட்டா வந்து சேந்துது. மூணு வாட்சும் லேட்டா ஆரம்பிச்சுது. அவ ஓடினது பன்னெண்டு புள்ளி எட்டு இல்ல சார். பதிமூணு புள்ளி ஒண்ணு."

"நாமதான் மூணு நாள் பழகினோமே."

"இந்த ரூமுக்குள்ள பழகினோம். இங்க சத்தம் வர எவ்வளவு நேரமாகும்? நீங்க மூணு பேரும் ஒத்துப்போனத பாத்து மயங்கிட்டேன். கண்ண வேற மூடச் சொன்னேன். தொறந்திருந்தா, சத்தம் வரதுக்கு முன்னாடியே அவ கிளம்பினத யாராவது பாத்திருப்பீங்க."

அவருடைய குரல் உடைந்தது. இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தது அதுதான் முதல் முறை.

விளையாட்டு மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"டீச்சர், எல்லா ஸ்கூல்லயும் விசில்தான். எல்லாப் பொண்ணுங்களும் அந்த பாய்ன்ட் மூண வாங்கிக்கிட்டுத்தான் வரும். ஊரோட ஒத்துப் போவோமே. நம்ம பொண்ணு மட்டும் யோக்கியமா இருந்து என்ன சாதிக்கப் போகுது?"

"எல்லா ஸ்கூல்லயும் விசில்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. ஆனா அப்படித்தான் இருக்கும்."

"எனக்கும் தெரியாது. நம்மளோடது எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படி சார் எழுதித் தரது?"

"கையெழுத்து போடப்போறது நீங்களா? வாட்ச் பிடிச்ச மூணு பேரும் ஹெட்மாஸ்டரும்தான."

உள்ளபடி சொல்கிறேன். அவர் பேசியது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. வாசலில் நிழலாடியது. நெட்டை வந்து நின்றாள். பள்ளிக்குள் அவள் ஒரு நாளும் சித்தி என்று கூப்பிட்டதில்லை.

"டீச்சர், பாய்ன்ட் மூணு கூட்டணும்ல?"

"கூட்டணும்மா."

"கூட்டினா தாண்டிடுது."

"ஆமா."

அவள் தரையைப் பார்த்தாள். "கூட்ட வேண்டாம் டீச்சர். நான் திரும்ப ஓடறேன்."

சாயங்காலம் பள்ளி வாசலில் அவளுடைய அம்மா வேலை உடுப்போடு நின்றாள். தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. யாரோ செய்தி கொண்டுபோயிருக்கிறார்கள். நானும் தசமமும் நெட்டையும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். நான் நழுவப் பார்த்தேன், சைக்கிள் நிறுத்துமிடம் அவள் நின்ற பக்கம் இருந்தது, போக முடியவில்லை.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா இருக்குடி" என்றாள் தங்கையிடம். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மூணு பேரு பாத்தாங்க. மூணு வாட்சும் சொல்லுச்சு. உனக்கு மட்டும் என்ன உறுத்துது? உன் பாடத்த உன் கிளாஸோட வெச்சுக்கக் கூடாதா? எம்பொண்ணு தலையிலயா கொண்டு வந்து வெப்ப?"

நெட்டைதான் பேசினாள்.

"சித்தி ஒண்ணும் சொல்லலம்மா. நானேதான் கணக்கு போட்டேன். அங்க போனா மெஷின் வெச்சு நேரம் பிடிப்பாங்களாம். மொத நாளே தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே. உள்ள போன பொண்ண வெளிய தள்ளிடுவாங்களா? அங்க போய் ஓடி ஓடி வேகம் வராதா?"

இந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

"வரும்மா. ஆனா நான் இங்கயே ஓடிக் காமிச்சுட்டுப் போறேன். என்னால முடியும்" என்றாள் நெட்டை. அம்மா தலைத்துணியை அவிழ்த்து, உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே மைதானத்துக்குப் போனோம். இந்த முறை விசில் கிடையாது. ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்தேன். விளையாட்டு மாஸ்டர் அதை உயர்த்திப் பிடித்துக் கீழே வெட்டுவார், அதைப் பார்த்து நாங்கள் அமுக்க வேண்டும், அவளும் அதைப் பார்த்தே கிளம்ப வேண்டும். கோட்டுக்குப் போகும் முன் அவர் என் காதோரம் வந்தார்.

"சார், நீங்களும் லைப்ரேரியன் அம்மாவும் கொஞ்சம் மனசு வெச்சா போதும். நடு நேரம்தான கணக்கு. முடிவுல விரல் ஒரு இம்மி முந்தினா யாருக்குத் தெரியப் போகுது?"

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. லைப்ரேரியன் அம்மாவிடமும் அவர் இதையே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன். கணக்கு மாஸ்டரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், சுவரிடம் சொல்வதும் அவரிடம் சொல்வதும் ஒன்று.

தசமம் எங்களுக்குப் பின்னால் வெகு தூரம் தள்ளி நின்றார். அவருடைய அக்கா அதைவிடத் தள்ளி நின்றாள்.

சிவப்புத் துணி இறங்கியது. அமுக்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தேன். அவள் வந்தாள். அந்த முகம் வந்தது. என் கட்டைவிரலுக்கு அந்த நேரத்தில் தனியாக ஒரு மனசு இருந்தது, அது அவள் பக்கம் இருந்தது. போனால் போகிறது, அமுக்கு என்று அது சொன்னது. நான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். அவள் மார்பு கோட்டைத் தாண்டியபோதுதான் அமுக்க விட்டேன்.

கணக்கு மாஸ்டர் பதிமூன்று புள்ளி ஒன்று என்றார். லைப்ரேரியன் அம்மா பதிமூன்று புள்ளி பூஜ்யம் என்றார். சொல்லிவிட்டு வாட்சை இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டார். அவர் விரலை முந்த விட்டாரா, அல்லது அவர் கண்ணுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்ததா, நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடைய வாட்சும் பதிமூன்று புள்ளி பூஜ்யம் காட்டினால் அவள் விடுதிக்குப் போகலாம்.

பதிமூன்று புள்ளி ஒன்று என்று படித்தேன்.

"திரும்ப ஓடறேன்" என்றாள் நெட்டை, மூச்சு வாங்கிக்கொண்டே. தடை ஒன்றும் இல்லை. எத்தனை முறை ஓடினாலும் ஒரு முறை பதிமூன்றுக்குள் வந்தால் போதும். விளையாட்டு மாஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் நடக்க வைத்தார். தண்ணீர் கொடுத்தார். மறுபடி ஓடினாள். மூன்று வாட்சும் பதிமூன்று புள்ளி இரண்டு. நாளைக்கு ஓடலாம் என்று சொல்ல வழியில்லை, நாளை என்பது புதன்கிழமை, சான்றை விடுதிக்குக் கொண்டுபோகிற ஆள் இன்று மதியப் பேருந்திலேயே கிளம்ப வேண்டும்.

"இன்னொரு தடவை சார். காலு சூடாகல. இப்ப சரியா வரும்."

மூன்றாவது முறை பாதித் தூரத்திலேயே அவள் முகம் மாறிவிட்டது. ஓடும்போது வேறு எதுவுமே தேவைப்படாத அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒன்று தேவைப்பட்டது, அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பதிமூன்று புள்ளி நான்கு. அவள் நிற்கவில்லை. திரும்பி நேராக ஆரம்பக் கோட்டுக்கே நடக்கத் தொடங்கினாள்.

"போதும்டி" என்றாள் அவளுடைய அம்மா.

அவள் கேட்காதது போல நடந்தாள். அம்மா ஓடிப்போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். ஒரு இழுப்பு இழுத்தாள் பெண், பிறகு துவண்டு அந்தக் கைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள், அதைக் கண்ணால் பார்ப்பது எத்தனை கொடுமை என்று யாரும் சொன்னதில்லை.

தசமம் மெல்ல அவர்களிடம் போனார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஒருத்தி இல்லாம இருந்திருந்தா எம்பொண்ணு போயிருப்பா."

"ஆமாக்கா" என்றார் தசமம். அப்படியே அவர்களுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அக்கா அவரைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

வாட்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சாக்கில் நானும் கிட்டப் போனேன். உண்மையில் என்னால் தூரத்தில் நிற்க முடியவில்லை. நெட்டை தலையைத் தூக்கினாள். அழுதிருந்தாள், ஆனால் இப்போது அழவில்லை. சித்தியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், மொத தடவை நீங்க சரியாத்தான பிடிச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் என் விரலை நான் அத்தனை இறுக்கிப் பிடித்திருந்தேன். முந்திவிடுமோ என்ற பயத்தில் அது ஒரு இம்மி பிந்தியிருந்தால்? அந்த வாட்ச் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவே அவளுக்கும் விடுதிக்கும் நடுவில் இருந்தது. அது அவள் ஓட்டத்தில் இருந்ததா, என் விரலில் இருந்ததா என்று எந்தக் கருவியாலும் இனி சொல்ல முடியாது. தசமம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லுங்கள் என்றோ, சொல்லாதீர்கள் என்றோ அந்தப் பார்வையில் இல்லை.

"என்னால முடிஞ்ச மட்டும் சரியா பிடிச்சேம்மா" என்றேன்.

அவள் அம்மாவின் கைகளிலிருந்து விலகி எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"நானும் அப்படித்தான் சார் ஓடினேன்" என்றாள்.